பிரேக் இல்லாத வண்டி

எங்கப்பா பேரு சென்னிமலை, சங்ககிரியில லாரிப் பட்டறை வெச்சிருக்காரு. பிரேக் வேலைன்னா ஈரோட்டுல இருந்துகூட அவரத் தேடி வருவாங்க. அப்பேர்ப்பட்ட மனுசன் பெத்த மக நானு, பிரேக்கே இல்லாத சைக்கிள்ல பேரு வாங்குனா அவருக்கு எப்படி இருக்கும்?

ட்ராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சரிஞ்ச பலகைத் தடத்துல ஒருத்தி பின்னால ஒருத்தி ஒட்டிட்டுப் போறோம். நடுவுல எவளாச்சும் பிரேக் புடிச்சா அத்தன பேரும் உழுவோம். பெடலை அடக்கி அடக்கித்தான் நிறுத்தணும். இதை அவருகிட்டச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சதுதான் மிச்சம். "அதெல்லாஞ் சரி அம்மிணி, பிரேக் இல்லாத வண்டிக்கு எந்த ஆர்டிஓ எப்.சி. குடுத்தான்?"ம்பாரு. நான் தேசிய ரெக்கார்டு போட்டப்ப பஸ் ஸ்டாண்டுல பேனர் வெச்சாங்க. அவரு அதுக்குக் கீழ நின்னு, படத்துல இருக்கற சைக்கிள்ல பிரேக் தேடிட்டு இருந்தாரு. கிறுக்கு மனுசன்!

போன பொங்கலுக்கு வண்டியோட ஊட்டுக்கு வந்தேன். கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்து பார்த்தா, வண்டியத் துடைச்சுப் பளபளன்னு நிறுத்தியிருந்தாரு. அடேங்கப்பா, மனசு மாறிட்டாருன்னு அன்னைக்கு எனக்கு அத்தன சந்தோசம்.

அடுத்த மாசம் தேசியப் போட்டி. வளைவுல முழு வேகத்துல போறப்ப முன்சக்கரத்தப் புடிச்சிருக்கற ஃபோர்க் பட்டுன்னு முறிஞ்சுது. இடுப்பெலும்பு நொறுங்கிப்போச்சு. நடக்கலாம், ரேஸை மறந்துரும்மான்னு டாக்டர் சொல்லிட்டாரு. தலகாணியக் கடிச்சுட்டு அழுதேன்.

டீம் மெக்கானிக் பிரபாகரண்ணன் முறிஞ்ச துண்டை ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்து காட்டுனாரு. அதுல ட்ரில் போட்ட ஓட்டை. உள்ள எம்-சீல் பசை வெச்சு அடைச்சு, மேல கறுப்புப் பெயிண்ட். இரும்புல ஓட்டை போட்டாத் தாங்கும். இது கார்பன், தாங்காது. பிரேக் மாட்டப் பார்த்து, அது உக்காரலைன்னதும் அடைச்சிருக்கு. அந்தச் சுத்தமான வேலை யாரு கைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. "யாருகிட்டயும் சொல்லீராதீங்கண்ணா"ன்னேன்.

கோவம் வரலையான்னா, வந்துச்சு. போனைப் போட்டு நல்லாக் கேட்டுறணும்னு எடுப்பேன், வெச்சுருவேன். அப்பா பட்டறைக்கே போறதில்லை, சோத்துலயும் கை வெக்கறதில்லைன்னு அம்மா அழுதாங்க. முறிஞ்சது தான் போட்ட ஓட்டையாலதான்னு தெரிஞ்சா அந்த மனுசன் உசுரோட இருக்கமாட்டாரு. சொல்றதா வேண்டாமாங்கற ரோசனையோடயே ஊட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மத்தியானம் அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"அம்மிணி, எந்த எடத்துல முறிஞ்சுதுன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"

வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துருச்சு. என் இடுப்பு போச்சு, என் பொழப்பு போச்சு, நான் எதுக்கு மறைக்கணும்? ஆனா அவரு என் மூஞ்சியப் பார்க்காமப் போர்வை நுனியவே முறுக்கிட்டு இருந்தாரு.

"முன்னால ஒண்ணும் ஆகலைங்கப்பா. பின்சக்கரந்தான் வெடிச்சுருச்சு."

"அப்பாடா"ன்னாரு.

சொன்ன பொறகுதான் சொன்னது அவருக்கே கேட்டுச்சு. மக எந்திரிக்க முடியாமக் கெடக்கா, அவரு அப்பாடாங்கறாரு. அவரு முன்னாலயான்னு கேக்கவே இல்லையே, நானாத்தானே சொன்னேன்? எனக்கு எல்லாந் தெரியும்னு அதுலயே அவருக்கு உறைச்சிருக்கணும். மூஞ்சி வெளுத்துப்போயி என்னையே பார்த்தாரு.

"சாமி..."ன்னு கட்டில் விளிம்புல தலையக் கவுத்துட்டு, சின்னப் புள்ளையாட்டத் தேம்பித் தேம்பி அழுதாரு.

 நான் கையை அவரு தலை மேல வெச்சேன். தடவிக்குடுக்கவும் முடியலை, எடுக்கவும் முடியலை.