வீக்கத்துக்குள் போகாத கோடு

ஆஷ்லின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் பேராசிரியர் தேவதாஸ் எதற்கெடுத்தாலும் "ஆஷ்லினக் கேளுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் சுடர்விழிக்கு வயிறு எரிந்தது.

இருவருக்கும் ஒரே வேலைதான். இதயத்தின் எம்.ஆர்.ஐ. படத்தில் இடது கீழறையின் சுவரைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் கோடு போட வேண்டும். இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று டாக்டர்கள் அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். சுடர்விழி வருடக்கணக்காக உழைத்து உருவாக்கிய மாடல் ஒரு சின்ன வளையமாகத் தொடங்கும். ரப்பர்போல மெல்ல விரிந்து, சுவர் தட்டுப்பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். படம் மங்கலாக இருந்தாலோ சுவரைத் தாண்டி வெளியே வழிந்துவிடும். ஆஷ்லின் வேறு வழியைப் பிடித்தாள். நூற்றுக்கணக்கான இதயங்களைக் காட்டி, ஓர் இதயம் எப்படியெல்லாம் வளையும் என்று தன் மாடலைப் பழக்கினாள். கண் மூடித் திறப்பதற்குள் கோடு கச்சிதமாக உட்கார்ந்துவிடும்.

"அக்கா, உங்க புரோகிராமப் படிச்சப்பறம்தான் எனக்கு இதெல்லாம் புரிஞ்சுது" என்பாள் ஆஷ்லின். மனதாரத்தான் சொல்வாள். சுடர்விழிக்கு அதுதான் இன்னும் கசந்தது.

ஊரிலுள்ள இதய மருத்துவர் ஒருவர் ஆஷ்லினின் மாடலை நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் அனுப்பிய புதுப் படங்களை அன்றைக்குத்தான் திறப்பது, அப்போதுதான் அது நேர்மையான சோதனை என்று ஆஷ்லின் பிடிவாதமாக இருந்தாள். சுடர்விழிக்குப் பொறுக்கவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் இரண்டு மாடல்களிலும் அவற்றை ஓட்டிப் பார்த்தாள்.

மாரடைப்பு வந்த ஒருவருடைய இதயத்தின் நுனியில் சுவர் மெலிந்து வெளியே புடைத்திருந்தது. அப்படியோர் இதயத்தை ஆஷ்லினின் மாடல் பார்த்ததே இல்லை. வீக்கத்தை விட்டுவிட்டு, நல்ல இதயத்துக்குப் போடுவதுபோல வழவழவென்று கோடு போட்டிருந்தது. சுடர்விழியின் வளையம் தட்டுத் தடுமாறியாவது வீக்கத்துக்குள் நுழைந்திருந்தது.

அவள் மனம் குளிர்ந்தது. ஸ்கிரீனை மூடிவிட்டு, கருவடிக்குப்பத்தில் வீடு போய்ச் சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் வந்த அன்று முதல் சில படங்களில் கோடு அழகாக விழுந்தது. தேவதாஸ் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அந்தப் படம் வந்தது.

"இங்க பெரிய வீக்கம் இருக்கேம்மா! உங்க கோடு நேரா போவுதே?" என்றார் டாக்டர்.

ஆஷ்லினின் முகம் வெளிறியது. சுடர்விழி காத்திருந்த நிமிடம் இதுதான். ஆனால் ஆஷ்லின் சட்டென்று திரும்பினாள்.

"இத அக்காவோட மாடல்ல போட்டுப் பாக்கலாம் டாக்டர். அது எந்த வடிவத்துக்கும் வளைஞ்சு குடுக்கும்."

போட்டார்கள். வளையம் ஊர்ந்து ஊர்ந்து வீக்கத்துக்குள் போய்ப் படிந்தது. டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆஷ்லினின் மாடலில் தொடங்கிச் சுடர்விழியின் மாடலில் முடித்தால் என்ன என்று தேவதாஸ் கேட்டார். எல்லோரும் சுடர்விழியைப் பாராட்டினார்கள். ஆஷ்லின் கொடுத்துத்தானே அந்தப் பாராட்டு கிடைத்தது என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வண்டி நிறுத்துமிடத்தில் ஆஷ்லின் கேட்டாள். "அக்கா, அந்தப் படம் வந்தப்ப நீங்க அசரவே இல்ல. முன்னாடியே பாத்துட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா?"

"நீ தோக்கணும்னு இருந்துச்சு."

ஆஷ்லின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மூலக்குளம் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

மறுவாரம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மாடல்களையும் இணைத்தார்கள். சுடர்விழி மன்னிப்புக் கேட்டாள். ஆஷ்லின் "பரவால்ல" என்றாள். இணைத்த மாடல் நன்றாகவே வேலை செய்தது. டாக்டர் இன்னும் படங்கள் அனுப்பினார்.

"சுடர்விழி, இந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க" என்றாள் ஆஷ்லின், மரியாதையாக. அக்கா என்று அவள் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. அடுத்த அறையில் புதிதாகச் சேர்ந்த அபியை அவள் "அக்கா" என்று கூப்பிட்டுப் பேசுவது காதில் விழும்போதெல்லாம், சுடர்விழியின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றுவிடும்.