நாலாவது பக்கத்து வேலி

வேலிக்காரரின் கைப்பேசி அலறியது. காதில் வைத்த வேகத்தில் ஸ்பேனரைப் புல்லில் போட்டுவிட்டு, "அக்கா, சம்சாரத்துக்கு வலி வந்துருச்சாம்!" என்று கத்தினார். அடுத்த நொடி அவருடைய பைக் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அண்ணியும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியூர் போகிறவர்களின் நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றை இருவரும் சேர்ந்து தொடங்கியிருந்தார்கள். முதல் விருந்தாளி இன்று சாயங்காலம் வருகிறது. முற்றத்தின் மூன்று பக்கமும் கம்பியால் பின்னிய சங்கிலி வலை விறைப்பாக நின்றது. சாலையை ஒட்டிய நாலாவது பக்கத்தில் தூண்களும் அவற்றின் தலையில் ஓடும் குழாயும் மட்டும்தான். வலை பாய்ச் சுருள் போலப் புல்லில் கிடந்தது.

"நாளைக்கு வரச் சொல்லிடலாமா?" என்றாள் அண்ணி.

"திறக்குற அன்னைக்கே கடையச் சாத்துறதா? நாமளே மாட்டிடலாம், அண்ணி."

"ஆணி அடிக்கச் சொன்னா விரல்ல அடிச்சுக்குற ஆளு நீ!"

அதற்குள் வேலிக்காரரே மருத்துவமனையிலிருந்து அழைத்தார். "அக்கா, என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க. சும்மா உக்காந்திருந்தா எனக்கே மயக்கம் வந்துரும். ஏதாவது பேசுங்களேன்."

"நீங்க பேசுங்க தம்பி. எத எங்க மாட்டணும்னு சொல்லுங்க, நாங்க மாட்டுறோம்" என்றாள் நாத்தனார்.

கைப்பேசியைக் கவிழ்த்த வாளியின் மேல் வைத்தார்கள். வேலிக்காரருக்கு உயிர் வந்துவிட்டது. "முதல்ல தூணப் பாருங்க. ரெண்டு கோடியிலயும் பருமனா நிக்குதே, அது ஓரத் தூண். வலையோட இழுப்பு மொத்தமும் அதுங்க தலையிலதான். இடையில இருக்குறது நடுத் தூண். வலை சாயாம சும்மா கூட நிக்கும்."

"புரிஞ்சுபோச்சு. வீட்ல நான் ஓரத் தூண், உங்கண்ணன் நடுத் தூண்" என்றாள் அண்ணி. நாத்தனார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த போல்ட்டுகள் சிதறின.

"நான் விட்டுட்டு வந்த சாக்குல தட்டையா, ஆள் உசரத்துக்கு மூணு கம்பி இருக்கும். டென்ஷன் பார்னு சொல்லுவோம். ஒண்ண எடுத்து, வலையோட கடைசி வரிசைக் கண்ணுக்குள்ள மேலேருந்து கீழ வரைக்கும் கோத்துருங்க."

"திரைச்சீலைக்குக் கம்பி கோக்குற மாதிரியா?"

"அதேதான்! தூணச் சுத்தி வளையம் வளையமா இருக்குல்ல, அது கிளாம்ப். அது வாய்க்குள்ள பாரை வச்சு போல்ட்டு முடுக்குங்க."

நாத்தனார் முடுக்கினாள். தன்னையே நம்ப முடியாமல் வலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். தூண் அசையவில்லை! இருவரும் சுருளை உருட்டிக்கொண்டே மறுகோடிக்கு ஓடினார்கள். அங்கே ஓரத் தூணுக்கு இரண்டு எட்டு முன்னால் இன்னொரு பாரைக் கோத்தார்கள். வேலிக்காரர் சொன்னபடி, வலையை இழுத்து விறைப்பாக்கும் இழுப்பானை ஓரத் தூணில் கட்டி, அதன் கொக்கியைப் பாரில் மாட்டினார்கள். அண்ணி கைப்பிடியை அடித்தாள். டக், டக், டக். தொப்பை போட்டுத் தொங்கிய வலை ஒவ்வொரு டக்குக்கும் மூச்சைப் பிடித்து நிமிர்ந்தது.

"தம்பி, போதுமா?"

"கையால அமுக்கிப் பாருங்க. லேசாக் குடுத்துட்டுத் திரும்பி வரணும். அப்புறம் மிச்ச வலைய... ஐயோ, கூப்பிடுறாங்க!"

தொடர்பு அறுந்தது.

ஓரத் தூணைத் தாண்டி ஒரு கை நீளத்துக்கு வலை மிச்சமிருந்தது. நாத்தனார் குறடால் ஒரு கம்பியை வெட்டப் பார்த்தாள். முகம் சிவந்ததுதான் மிச்சம். "இத ஒவ்வொரு கண்ணா வெட்டினா விடிஞ்சுரும், அண்ணி."

அண்ணி எக்கி வலையின் மேல் விளிம்பை உற்றுப் பார்த்தாள். கம்பிகளின் நுனிகள் இரண்டிரண்டாகக் கொக்கி போட்டுப் பிணைந்திருந்தன. "ஏய், இது வெட்டுற சமாச்சாரம் இல்ல. ஒரு கம்பி பக்கத்துக் கம்பிக்குள்ள சுத்திச் சுத்தி ஏறியிருக்கு, அவ்வளவுதான். மேலயும் கீழயும் முடிச்ச நிமித்து!"

நிமிர்த்தினார்கள். அண்ணி அந்த ஒற்றைக் கம்பியைத் திருகத் திருக, அது திருகாணி போல வளைந்து வளைந்து மேலே கிளம்பியது. கடைசிச் சுற்றும் விடுபட, மிச்ச வலை தொப்பென்று தனியாக விழுந்தது.

"பின்னல அவுத்த மாதிரி வந்துருச்சு!" நாத்தனார் குதித்தாள்.

மூன்றாவது பாரை விளிம்பில் கோத்துக் கிளாம்ப்புகளில் முடுக்கினார்கள். இழுப்பானைத் தளர்த்தும்போது அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். வலை அப்படியே நின்றது. கட்டுக்கம்பியால் நடுத் தூண்களிலும் மேல் குழாயிலும் வலையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது: 'பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.' குறடும் கையுமாக இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சுற்றினார்கள்.

கடைசிக் கட்டு விழவும் பேருந்து ஓட்டுநர் முதல் விருந்தாளியான தன் நாயோடு வரவும் சரியாக இருந்தது. நாயா அது, கன்றுக்குட்டி! கேட்டுக்குள் நுழைந்து வாரை அவிழ்த்ததுதான் தாமதம், சாலையோரம் போன பூனை அதன் கண்ணில் பட்டுவிட்டது.

"டேய் குண்டா, நில்லுடா!" என்று ஓட்டுநர் அலறினார். குண்டன் நாலுகால் பாய்ச்சலில் நாலாவது பக்கத்து வேலியில் போய் மோதினான். வலை சாலைப்பக்கம் புடைத்தது. கிளாம்ப்புகள் கிர்ரென்றன. நாத்தனார் அண்ணியின் தோளை நகம் பதியப் பிடித்தாள். மறுகணம் வலை விம்மித் திரும்பி, நாயைப் புல்லில் உட்கார வைத்தது. பூனை வாலைத் தூக்கிக்கொண்டு தன் வழியே போனது.

ஓட்டுநர் வேலியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "பலமா இருக்கே! யாரு போட்டது?"

"நாங்கதான்!" இரண்டு குரல்களும் ஒன்றாக வந்தன.

"விளையாடாதீங்கம்மா."

அண்ணி தன் கறுத்த உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். அவர் பதில் சொல்வதற்குள் குண்டன் எழுந்து உடம்பை உதறிக்கொண்டான். திரும்பி ஓட்டம் எடுத்து, இந்த முறை வேண்டுமென்றே வேலியில் மோதித் துள்ளி விழுந்தான். வாலை ஆட்டியபடி மூன்றாவது தடவைக்குக் கிளம்பினான்.