பூபாலன் திறந்துவைத்த கோப்பு

1

இந்தக் கதை ஐயப்பன்தாங்கல் டிப்போவில் எனக்குக் கிடைத்தது. பஸ் கிளம்ப நாற்பது நிமிஷம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கஜபதி அதற்குள் சொல்லியும் முடித்தார், அழுதும் முடித்தார். நான் பொய்யில் கைதேர்ந்தவன் என்று அவருக்குத் தெரியாது. (பருத்திப்பட்டு ஏரியில் ஒரு விரால் என்னைப் பிடித்து, எடை பத்தாது என்று திருப்பி விட்டதை நம்புகிறவர்கள் ஆவடியில் இன்னும் இருக்கிறார்கள்.)

தொடக்கம் இப்படி எழுதினேன்: ‘அம்பத்தூர் எஸ்டேட்டில் மழை கொட்டிய ஒரு மாலையில், கஜபதியின் மனம் —’

மழை பெய்யவில்லை. வேறு மாதிரி தொடங்குகிறேன்.

2

கஜபதியும் பூபாலனும் ஒரே கம்பெனியில் பதினோரு வருஷம் அடுத்தடுத்த மேஜை. ரத்த வங்கிக் குளிர்பெட்டிகளை இயக்கும் மின்னணு போர்டுகளுக்கு மென்பொருள் எழுதினார்கள். அதன் அடித்தளம் கெர்னல். அதை எழுப்பும்போதே காதில் ஒரு வரி சொல்லி எழுப்புவார்கள்: நினைவகம் இவ்வளவு, இதைச் செய், அதைச் செய்யாதே. பூட் பாராமீட்டர் என்று பெயர். அந்த போர்டில், எழுந்த பிறகு என்ன சொல்லி எழுப்பினார்கள் என்று பார்க்க வழியில்லை. பூபாலன் வழி வைத்தான். கெர்னலுக்குள் சின்னதாக ஒரு கோப்பு. திறந்தால் அந்த வரி அப்படியே தெரியும். படிக்கலாம், திருத்த முடியாது.

‘கோளாறு வந்தா மொதல்ல இத்த பாரு மச்சான்,’ என்றானாம்.

(இயந்திரம் இயங்காமல் உறைந்துபோனால் தானே மறுபடி எழுப்பிவிடும் ஒரு காவலும் உண்டு: வாட்ச்டாக். பிழை தேடுகிறவர்கள் இயந்திரத்தை வேண்டுமென்றே நிறுத்திவைப்பார்கள். காவலுக்கு அது புரியாது, எழுப்பித் தொலைக்கும். அதனால் பூட் வரியில் ஒரு சொல் சேர்த்துக் காவலை அணைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும்.)

கஜபதி எடுக்க மறந்தார்.

3

ஒரு மருத்துவமனையில் குளிர்பெட்டியின் போர்டு உறைந்து நின்றது. எழுப்ப யாருமில்லை. இருநூறு பை ரத்தம் வீணானது. கெர்னலில் கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று மேலிடம் கேட்டது. பூபாலன், என்றது பதிவேடு. அன்றைக்கே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். தன் கோப்புதான் கெடுத்தது என்று அவனே நம்பினான். அதிலிருந்து எட்டாம் மாதம் தூக்கத்திலேயே போய்விட்டான். நாற்பத்தோரு வயது.

அவன் இறந்தபின் ஒருநாள் பழுதான போர்டு திரும்பி வந்தது. கஜபதி அந்தக் கோப்பைத் திறந்தார். காவலை அணைக்கும் சொல் அங்கே இருந்தது. அப்போதுதான் அவருக்கு —

4

மேலே உள்ள பத்தியை அடித்துவிடுங்கள். கஜபதியின் மேல் இரக்கப்பட்டு நான் தேதியை மாற்றினேன். போர்டு வந்தது பூபாலனை வேலையிலிருந்து அனுப்பிய மூன்றாம் நாள். கஜபதி அன்றே திறந்தார், அன்றே படித்தார். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். மகளின் கல்லூரிச் சேர்க்கை முடியட்டும் என்று நினைத்தார். பூபாலன் நடுவில் இரண்டு தடவை போன் செய்தான். வேறு வேலை தேடுவதைப் பற்றிப் பேசினார்கள்.

இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு எழுபத்து நான்கு வயது. இந்த ஆள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். அதனால்தான் பிடிக்கவில்லையோ என்னவோ.

5

போன ஞாயிற்றுக்கிழமை கஜபதி பருத்திப்பட்டுக்குப் போனார். பூபாலனின் மனைவி சுதா தண்ணீர் கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள். அவருடைய மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தாள். பிறகு சொன்னாள்:

‘கடைசி நாள் வரிக்கும் அதையே சொல்லிகினு இருந்தாருண்ணா, அந்த ஃபைல நான் வெச்சிருக்கக் கூடாதுன்னு. எனக்கு இன்னா தெரியும். நீங்க சொல்லுங்க, அதனாலயா?’

கஜபதி பையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அடுத்த ஞாயிறு வந்து சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார். அது நாளைக்கு. சுதா காத்துக்கொண்டிருக்கிறாள்.

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் அவர் போகவில்லை. ஒன்றில் சுதா மன்னிக்கிறாள். அது படு பொய், விரால் கதை தேவலாம். மூன்றாவதில் அவர், ‘அதனால இல்லமா, என்னால,’ என்கிறார். அதுவரை என் பேனா ஓடியது. அதன்பிறகு சுதா கேட்கிறாள்:

‘எப்பண்ணா தெரியும் உங்களுக்கு?’

இதற்கான பதிலை என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் எழுதுங்கள். தேதியை மட்டும் மாற்றாதீர்கள். நான் மாற்றிப் பார்த்தேன். பூபாலன் அப்போதும் தெரியாமலேதான் செத்தான்.