கோக்-ஜார் நிலையம் பதில் சொல்லவில்லை

மூன்றாவது முறையும் அதே பதில்தான் வந்தது: இணைப்பு மறுக்கப்பட்டது. மீரிம் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். பிஷ்கெக்கில் வெயில் அடித்து, சன்னலுக்கு வெளியே கூரைப் பனி சொட்டிக்கொண்டிருந்தது. மலைமேல் கோக்-ஜாரில் பாதை இன்னும் மூடித்தான் கிடந்தது. அங்கே பனியாற்று ஏரியின் நீர்மட்டத்தை அளக்கும் லினக்ஸ் கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்து, தினமும் அளவுகளை எடுப்பது அவள் வேலை. இரண்டு நாளாக நுழைய முடியவில்லை. பனி உருகும் காலம். ஏரிக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது.

கணினி உயிரோடுதான் இருந்தது, கூப்பிட்டால் குரல் கொடுத்தது. வெளியாளை உள்ளே விடும் மென்பொருள் சேவை மட்டும் எழவில்லை. யாராவது அதன் முன்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிலையக் காவலர் தோக்தோசுன் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அங்கே இப்போது இருப்பது அவர் மனைவி புருல் ஒருத்திதான்.

அரைநாள் தயங்கிவிட்டு மீரிம் அவளை அழைத்தாள்.

"உக்காந்துட்டேன், சொல்லு," என்றாள் புருல். "விசைப்பலகை பனிக்கட்டி மாதிரி இருக்கு. நீ அங்க கதகதப்பா உக்காந்துக்கிட்டு என்னைய வேலை வாங்குற."

"மன்னிச்சிக்கங்கக்கா. ஒவ்வொரு எழுத்தா சொல்றேன்."

கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போகவே கால் மணி நேரம் ஆனது. பிறகு சேவையின் நிலையைக் கேட்கும் கட்டளையை அடிக்கச் சொன்னாள்.

"சிவப்பா என்னமோ வருது. என்னைய திட்டுதா?"

"அது எல்லாரையும் திட்டும்க்கா. அதுல எண் ஏதாவது இருக்கா?"

"நாப்பத்தொண்ணு."

அமைப்புக் கோப்பின் நாற்பத்தொன்றாம் வரியில் பிழை. கோப்பைத் திறந்து அந்த வரிக்குப் போகச் சொன்னாள். புருல் எழுத்துக் கூட்டினாள். "ஏ, எல், எல், ஓ, டபிள்யூ... அப்புறம் யூ. அதோட நிக்குது."

யார் யார் உள்ளே வரலாம் என்று பெயர் எழுதும் வரி அது. பெயர் இருக்கட்டும், முதல் சொல்லே முடியவில்லை. சேவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் இந்தப் பிழை வெளியே தெரியவில்லை. முந்தாநாள் புயலில் மின்சாரம் போய் வந்து, கணினி மறுபடி கிளம்பியபோதுதான் அந்த வரியில் தடுக்கி விழுந்திருக்கிறது.

"அவரு எழுதினதா இது?"

"ஆமாக்கா."

"எதையும் பாதில விடுற ஆளில்லையே அவரு. சோத்துல ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டாரு. ஏன் நிறுத்தினாரு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். துக்கம் கேட்கப் பேசிய அன்று அப்படித்தான் வாயை மூடிக்கொண்டாள்.

"நான்தான் போன் பண்ணேன்க்கா. மின்கலம் இறங்கிட்டே வருது, சூரியப் பலகை மேல பனி மூடியிருக்கும், தள்ளிவிட்டுருங்கண்ணேன்னு சொன்னேன். ஒரு வரி எழுதிட்டிருக்கேன், முடிச்சிட்டுப் போறேன்னாரு. இப்பவே போங்கன்னேன். 'என் பொண்டாட்டி கூட இப்படி அதிகாரம் பண்ணமாட்டா'ன்னு சிரிச்சாரு. அப்படியே சேமிச்சு வச்சிட்டுப் போயிட்டாரு."

பலகைச் சட்டத்தில் ஏறியபோதுதான் அவர் வழுக்கிப் பாறைமேல் விழுந்தார்.

இணைப்பு அறுந்தது.

மீரிம் திரும்ப அழைக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அழைப்பது? ஒரு மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது.

"ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தேன்," என்றாள் புருல். "இந்த வரிய என்ன செய்யணும்?"

அழிக்க வேண்டாம், முன்னால் ஒரு குறி போட்டால் போதும், கணினி அதைப் படிக்காமல் தாண்டிவிடும் என்று சொல்ல மீரிம் வாயெடுத்தாள்.

"அழிச்சிட்டேன். அடுத்தது?"

சேமித்தார்கள், சேவையை எழுப்பினார்கள். மீரிம் இங்கிருந்து தட்டினாள். கதவு திறந்தது. இரண்டு நாள் அளவுகளும் வரிசையாக வந்து விழுந்தன. ஏரி பதினான்கு சென்டிமீட்டர் ஏறியிருந்தது.

"வந்துருச்சுக்கா. ஊர்க்காரங்களுக்கு உடனே சொல்லிடறேன்."

"சொல்லு." சற்றுப் பொறுத்து, "சூரியப் பலகைய தினம் காலைல நான்தான் பெருக்குறேன். அதுக்காக நீ கூப்பிட வேணாம்," என்றாள் புருல்.

அதன்பின் மின்கலம் ஒருநாளும் இறங்கவில்லை. மே மாதம் பாதை திறந்து புதிய காவலர் போய்ச் சேர்ந்தபோது, புருல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். மீரிம் அவள் எண்ணை இருமுறை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.