பால் வண்டியில் ஒரு சீட்டு

பால் சங்கத்து அறையில் இருந்தவர்கள்: சங்கத் தலைவர், வண்டி டிரைவர், ஊர் நர்ஸ், பால் அளக்கும் அக்கா. வாசல்படியில் அக்காவின் தம்பி. கூட்டமே அவனைப் பற்றித்தான். அவனை மட்டும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

போதை மாத்திரை நாலைந்து வீடுகளைச் சுரண்டித் தின்ற பிறகு, இதே அறையில் உட்கார்ந்துதான் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. பழக்கத்தை விடுவதற்கான மருந்தை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், தினமும் காலையில் அங்குள்ளவர்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, பால் வண்டி உண்டு. டிரைவர் பக்கத்துச் சீட்டைக் கொடுத்தார். நர்ஸ் ஆஸ்பத்திரியில் பேசி முடித்தாள். தம்பி இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிட்டு, தூங்கி, மனிதர் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தான்.

"இனிமே வண்டியில பால் மட்டும்தான்," என்றார் தலைவர். "வெளியூர்ல 'போதை வண்டி'ங்கிறான். சங்கத்துக்கு மானம் மரியாதை வேணாமா?"

"மருந்து நின்னா திரும்பவும் அந்த மாத்திரையைத்தான் தேடுவாங்க, தலைவரே," என்றாள் நர்ஸ்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

அக்கா அளவுக் குவளையை டக்கென்று கீழே வைத்தாள். அந்தச் சீட்டில் முதன்முதலில் உட்கார்ந்தவன் தலைவரின் மகன். அவன் தேறிவிட்டான், பெண்ணும் பார்த்தாயிற்று. பெண் வீட்டார் வண்டியைப் பற்றித் தோண்டித் தோண்டி விசாரிக்கிறார்களாம். தன் பிள்ளை கரையேறியதும் ஓடத்தை உடைக்கிறார்.

"உங்க பையன் ஏறினப்போ இது கல்யாண வண்டியா இருந்துச்சாண்ணே?" என்றாள் அக்கா.

டிரைவர் வந்த சிரிப்பை இருமலாக்கினார். தலைவர் முகம் கறுத்தது. "என் பிள்ளைய இழுக்காத." டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, கேனை ஏத்து. நேரமாகுது."

"விடுக்கா, நான் நடந்தே போறேன்," என்றான் தம்பி படியிலிருந்து.

"நடக்கிற தூரமாடா அது? பேசாம உக்காரு."

அக்கா எழுந்தாள். கேன்கள் குளிர் அறையில் இருந்தன. அதன் ஒரே சாவி அவள் இடுப்பில்.

"முதல்ல அவன் ஏறட்டும். அப்புறம் பால் ஏறும்."

"ஏய், ஊர்ப் பால் அது! நேரம் தப்பிக் கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது?"

"இத்தனை நாள் யார் கெட்டாலும் நீங்களா பதில் சொன்னீங்க?"

தோளில் ஒரு துண்டுகூட இல்லாமல் குளிர் அறைக்குள் நுழைந்தாள். வெண்புகை வாசல் வரை வழிந்தது. கனத்த கதவு அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உள்பக்கம் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.