தூக்குப்பாலத்தின் அவசரச் சாவி

1974 ஆகஸ்ட் 12, திங்கள், மாலை.

நேற்று எழுதியதில் ஒரு சிறு பிழை. பாலத்தின் மேற்குக் கேட்டிலிருந்து கிழக்குக் கேட்டுக்கு நூற்றுப் பத்துக் காலடி என்று எழுதியிருந்தேன். இன்று எண்ணிப் பார்த்தேன்: நூற்றுப் பதினான்கு. திருத்திவிட்டேன். மற்ற பிழைகள் இவ்வளவு எளிதாகத் திருந்துவதில்லை. வகுப்புக்கும் இன்று போகவில்லை.

1

இந்தக் கதையைப் பொறாமையால் தொடங்கினேன். ஒருவனைக் கெட்டவனாக்க நோட்டும் பேனாவும் போதும் என்று நினைத்தேன்.

இதில் வரும் ஜானகிராமன் நான்தான். 'நான்' என்று எழுதினால் வரிக்கு வரி எனக்கே வக்கீலாகிவிடுகிறேன். 'அவன்' என்றால் கொஞ்சமாவது உண்மை வருகிறது. என்னோடு பாலத்தில் வேலை பார்க்கும் சிங்காரத்துக்கு மட்டும் பெயர் மாற்றவில்லை. (லட்சுமணன் என்று வைத்துப் பார்த்தேன். லட்சுமணன் மேல் பொறாமையே வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: 'கடற்கரைச் சாலையில், உப்புக் காற்றில், அந்தத் தூக்குப்பாலம் சிறகு விரித்த பறவையைப் போல...'

வேண்டாம். அது பாலத்தைப் போலத்தான் இருந்தது.

இரண்டாம் தொடக்கம்: கேளம்பாக்கம் பக்கமிருந்து உப்புப் படகு கால்வாயில் வரும். பாலத்தருகே நின்று படகுக்காரர் சங்கு ஊதுவார். பணியாள் மேற்குக் கேட்டைச் சாத்தி, பாலத்தின் மேல் நடந்து போய்க் கிழக்குக் கேட்டைச் சாத்திப் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டின் சாவி, பூட்டினால்தான் கையோடு வரும். அதைக் கொண்டுவந்து மேற்குக் கரையிலுள்ள விஞ்சில் போட்டுத் திருப்பினால்தான் சக்கரம் சுழலும், பாலம் எழும். சாலையில் ஆள் இருக்கும்போது பாலம் எழக்கூடாது என்பதற்காக யாரோ புத்திசாலி செய்த ஏற்பாடு.

கேட்டுப் பூட்டு துருப்பிடித்து மாட்டிக்கொண்டால் பயன்பட, விஞ்சுக்கு இன்னொரு சாவியும் உண்டு. மேசை இழுப்பறையில், அரக்கு முத்திரையிட்ட உறையில் கிடக்கும். அதன் பெயர் அவசரச் சாவி.

(இந்தத் தொடக்கம் சலிப்பாக இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் மேலே போனால் உங்களுக்கு என் குற்றம் புரியாது. விட்டுவைக்கிறேன்.)

3

காலை முறை சிங்காரத்துடையது, மதியத்துக்குப் பின் ஜானகிராமனுடையது. சங்கு ஊதிய நேரம், பாலம் முழுதாக எழுந்த நேரம் இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை ஜானகிராமன் படித்ததுபோல் எந்தப் பாடப்புத்தகத்தையும் படித்ததில்லை. அவனுக்கு ஒன்பது நிமிடம். சிங்காரத்துக்கு ஐந்து.

பஸ் டிரைவர்கள் சிங்காரத்தைப் பார்த்தால் ஹாரன் அடித்துச் சிரித்தார்கள். உப்புப் படகுக்காரர்கள் போகிற போக்கில் மடவை மீனை வீசிவிட்டுப் போனார்கள். ஜானகிராமன் மீன் சாப்பிடுவதில்லை. இருந்தாலும் தன் பக்கம் ஒரு மீன்கூட விழவில்லை என்பதை அவன் கவனித்து வைத்திருந்தான். பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் ஆதியம்மாள் அதை வாய்விட்டே சொன்னாள்.

"சிங்காரம் கீறப்போ டீ ஆறுறதுக்குள்ள படகு கெளம்பிடுது. நீ கீறப்போ ஆளுக்கு ரெண்டு டீ விக்குது. எனக்கு நீதான் சாமி லாபம்."

அவன் கணக்குப் போட்டான். சக்கரம் சுற்றவே ஐந்து நிமிடம். நடந்து போய்ப் பூட்டி நடந்து வர நான்கு. சிங்காரத்தின் ஐந்தில் அந்த நான்கு எங்கே? நடக்காதவனுக்குத்தான் அப்படி மிச்சமாகும். அப்படியானால் அவசரச் சாவி.

அன்று அவனுக்கு இருந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அவன் அன்று இரண்டு டீ குடித்தான்.

4

வியாழக்கிழமை, ஆகஸ்ட் 8, கதைக்காக எழுதிய பத்தி இது. அடிக்காமல் அப்படியே தருகிறேன்:

'சங்கு ஊதியதும் சிங்காரம் இழுப்பறையைத் திறந்தான். கிழக்குக் கேட்டை எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. எதற்கு நடக்க வேண்டும்? அவசரச் சாவியை விஞ்சில் போட்டான்.'

இதைவிட நல்ல பத்தி நான் எழுதியதில்லை. சிங்காரம் இதைச் செய்ததை நான் பார்த்ததும் இல்லை.

5

திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஜானகிராமனுக்குச் செங்கல்பட்டில் ஓவர்சீயர் பரீட்சைக்கான வகுப்பு. அந்த நாட்களில் சிங்காரம் அவனுக்காக மாலை முறையை எடுத்துக்கொண்டு, காலையை அவனிடம் விட்டான். பதிவேட்டில் பெயர் மாற்றவில்லை. மாற்ற வேண்டாமா என்று ஜானகிராமன் கேட்டதற்கு, பாலத்துக்கு ஒரு ஆள் கீது, அது போதும் என்று சிரித்தான்.

அந்தப் பத்தி எழுதிய மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது இருபதுக்குச் சங்கு ஊதியது. ஜானகிராமன் மேற்குக் கேட்டைச் சாத்தினான். கிழக்கே பார்த்தான். யாரும் இல்லை. இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தான்.

அரக்கு முழுதாக இருந்தது.

(இங்கே பேனா மூன்று முறை நின்றது. அரக்கு முழுதாக இருக்கிறது என்றால் இதுவரை யாரும் அந்த உறையைத் திறக்கவில்லை. சிங்காரமும் திறக்கவில்லை. அது ஜானகிராமனுக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. தெரியவில்லை என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.)

அவன் அரக்கை உடைத்தான். ஐந்து நிமிடம் என்று ஒருநாளாவது தன் பெயரில் இருக்க வேண்டும் போலிருந்தது. அந்த வரியில் எழுதியிருந்தது சிங்காரத்தின் பெயர் என்பதுகூட அப்போது நினைவில்லை.

பாலம் அரையடி எழுந்திருக்கும். மோசஸ் என்ற மீன் வியாபாரி, திறந்து கிடந்த கிழக்குக் கேட் வழியாகச் சைக்கிளில் ஏறி வந்துவிட்டார். முன்சக்கரம் பலகை விளிம்பில் மோதியது. சைக்கிளும் கூடையும் கால்வாயில் விழுந்தன. மோசஸ் பாலத்து ஓரத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கூச்சல் கேட்டுக் குப்பத்திலிருந்து ஓடி வந்தவன் சிங்காரம். துண்டைக் கிழித்துக் கையைக் கட்டியதும் அவன், தண்ணீரில் இறங்கிச் சைக்கிளை எடுத்ததும் அவன். ஜானகிராமன் சக்கரத்தைப் பிடித்தபடியே நின்றான். அந்த நேரத்திலும் அவன் நினைத்தது, இதிலும் இவன்தான் முதலா என்று.

6

சனிக்கிழமை ஓவர்சீயர் சிவப்பிரகாசம் வந்தார். உடைந்த அரக்கைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், இருவரையும் வரச் சொன்னார். வெள்ளி காலை யார் முறை என்று கேட்டார்.

ஜானகிராமன் வாயைத் திறந்தான். திறந்தது என்னவோ உண்மை.

"என் டூட்டிதான் சார்" என்றான் சிங்காரம்.

செவ்வாய் மதியம் அறிக்கை மேலே போகும், வேலை நிலைக்காது என்று சொல்லிவிட்டு ஓவர்சீயர் ஜீப்பில் ஏறினார்.

7

ஞாயிற்றுக்கிழமை ஜானகிராமன் குப்பத்துக்குப் போனான். சிங்காரம் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஜானகிராமன் கேட்டான்.

"ரெண்டு பேரும் முறை மாத்திகினு இருந்தோம்னு சொன்னா ரெண்டு பேரு வேலையும் பூடும். உனக்கு நவம்பர்ல பரிச்சை கீது வாத்யாரே. எனக்கு இன்னா, கடலு கீது."

"நீ எப்படி அஞ்சு நிமிஷத்துல தூக்கறே?"

சிங்காரம் நிமிர்ந்து பார்த்தான். "இதுக்கா வந்தே?"

அதற்கும்தான் வந்தான். சிங்காரம் சொன்னான்: படகு வளைவில் திரும்பும்போது கரையிலிருக்கும் கொக்குகள் எழும். அவை எழுந்ததும் அவன் கிழக்கே நடக்கத் தொடங்கிவிடுவான். சங்கு ஊதும்போது இரண்டு கேட்டும் சாத்தி, சாவியோடு விஞ்சில் நிற்பான்.

"சங்கு ஊதறவரைக்கும் நீ பொஸ்தகத்தப் பாத்துகினு இருப்பே. நான் கொக்கப் பாத்துகினு இருப்பேன். அம்புட்டுதான்."

நூற்றுப் பதினான்கு காலடி, போக, வர. ஒருநாளும் ஒன்றுகூட அவன் குறைத்ததில்லை.

ஜானகிராமனுக்கு அழுகை வந்திருந்தால் இந்தக் கதை எளிதாக முடிந்திருக்கும். வந்தது பொறாமைதான். வேகத்தில் முந்தினான், பரவாயில்லை. பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டு, பதிலுக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் வைக்காமல் உட்கார்ந்திருக்கிறானே என்று.

8

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மோசஸ் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லிவிடுகிறார், ஜானகிராமன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. (கோழையின் முடிவு. நடையும் நன்றாக இல்லை.)

இரண்டு: சிங்காரம் வேலை போய்க் கடலுக்குப் போகிறான். ஜானகிராமன் பரீட்சையில் தேறி ஓவர்சீயராகிறான். கரையில் ஜீப்பை நிறுத்தும்போதெல்லாம், எல்லோருக்கும் முன்னால் கரையேறும் படகு சிங்காரத்துடையதாக இருக்... (நிறுத்திவிட்டேன். இந்த முடிவிலும் அவன்மேல் எனக்குப் பொறாமை.)

மூன்றாவதை நான் எழுதப்போவதில்லை. ஓவர்சீயர் என்ன சொல்வார், யார் வேலை தங்கும், சிங்காரம் அதன்பின் என்னோடு பேசுவானா, இவற்றை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். என் கற்பனை ஒரு முறை வேலை செய்து ஒரு கை முறிந்தது, போதும்.

நாளை, செவ்வாய்: காலை ஆறு பத்து பஸ்ஸில் செங்கல்பட்டு. ஓவர்சீயர் அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போய், வெள்ளி காலை பாலத்தில் இருந்தது நான், அரக்கை உடைத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.