வாசலின் இடப்பக்கம்

…வெறுங்காலோடல்லவா நிற்கிறான், வெய்ன் கண்ணைக் கசக்கிவிட்டுத் திரையை மறுபடியும் பார்த்தான், கையில் வாள், தலையில் இரும்புத் தொப்பி, மார்பில் கவசம், எல்லாம் சரி, கால் மட்டும் வெறுங்கால், வீட்டுக்குள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளையாக நிற்கிறான், அப்படியானால் சப்பாத்து எங்கே… அவன் விரல்கள் தாமாகவே ஓடி அந்த வீரனைக் கதவுவரை நடத்திப்போய், கதவைத் திறந்து, வெளியே பார்க்க வைத்தன. இருக்கிறது. வாசலின் இடப்பக்கத்தில் ஒரு சோடித் தோல் சப்பாத்து. உலகத்தில் இந்த விளையாட்டை எத்தனை இலட்சம் பேர் விளையாடியிருப்பார்கள், அத்தனை பேரிலும் வீரனின் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போகிறவன் காத்தான்குடி நஸீர் ஒருவன்தான், அவன் பெயரைத்தான் வீரனுக்கும் வைத்திருந்தான், அந்த நஸீரைக் கடல் கொண்டுபோய் நாலரை வருடமாகிறது, விளையாட்டை நிறுத்திய இடத்தைப் பதிந்து வைக்கிற இந்தச் சேவோ போன சனிக்கிழமை, 2009 மே பதினாறு, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் போட்டது.

நேற்றுத்தான் நஸீரின் தங்கை நுஸ்ரா இந்தப் பழைய கொம்பியூட்டரை ஓட்டோவில் கொண்டுவந்து கடையில் இறக்கினாள், ஏறாவூரில் படிப்பிக்கிறாள், அங்கேயே தங்கி வார முடிவில் மட்டும் வீட்டுக்கு வருகிறவள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நின்ற நிலையில் சொன்னாள், "ஞாயித்துக்கிழம கரண்ட் போய் வந்ததோட ஓடுதில்ல வெய்ன் அண்ணா, நஸீர் காக்காட போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு, அத மட்டும் எடுத்துத் தந்தாப் போதும், மத்தத என்னமும் செய்ங்க." இவன் தலையாட்டினான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த வீட்டு ஆட்கள் யாருடைய முகத்தையும் நேரே பார்த்து நாலரை வருடமாகிறது, கடையில் வேலை, மம்மிக்குச் சுகமில்லை, பாலத்தில் செக்கிங், ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒவ்வொரு சாட்டு… சரி, அது கிடக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் மெசினில் போட்டபோது அது டிக் டிக் என்று அடித்தது, சாகப்போகிற டிஸ்க்கின் சத்தம், இதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கலாம், பத்து நிமிடம் இருக்கலாம், முதலில் போட்டோக்களை இழுத்தான், பிறகுதான் அந்த விளையாட்டின் பெயர் போட்ட போல்டர் கண்ணில் பட்டது, விடுவானா, அதையும் இழுத்தான், கடைசிப் பைல் வந்து சேர்ந்து இரண்டு நிமிடத்தில் டிஸ்க் சத்தமில்லாமல் அடங்கிவிட்டது. தன்னிடமிருந்த பழைய முதலாவது சீடியால் விளையாட்டை ஏற்றி, அந்தக் கடைசிச் சேவைத் திறந்து, இப்போது இப்படி வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறான்.

ஆளுக்கொரு கோணங்கித்தனம் இருக்கத்தான் செய்தது, வெய்னின் கோணங்கித்தனம் மருந்துக் குப்பி சேர்ப்பது, காயத்தை ஆற்றும் சிவப்புக் குப்பி, தொண்ணூற்றொன்பது வைத்திருந்தான், ஒன்றைக்கூடக் குடிக்கமாட்டான், கடைசிச் சண்டைக்குத் தேவைப்படும் என்று பொத்திப் பொத்தி வைத்து, கையில் அத்தனை மருந்தோடும் வீரனைச் சாகக் கொடுப்பான், நஸீர் விழுந்து விழுந்து சிரிப்பான், "மௌத்தான பொறகு குடிக்கவாடா வச்சிருக்காய்?" ஒவ்வொரு பெட்டியைத் திறக்குமுன்னும் வெய்ன் ஒரு சேவ் போடுவான், பெட்டிக்குள் நல்ல சாமான் வராவிட்டால் திரும்பிப்போய் மறுபடி திறப்பான், களவு இல்லையா அது என்று நஸீர் கேட்பான். நஸீர் கதவைத் திறந்தால் பூட்டாமல் போகமாட்டான், ஏழை வீட்டு மேசையிலிருந்து ஒரு கரண்டிகூட எடுக்கமாட்டான், பிறகு அந்தச் சப்பாத்து… அது எப்படித் தொடங்கியது? பின்னால் பாயில் ஆயிஷா உம்மா இருப்பா, நஸீரின் தாய், மடியில் சுளகு, வெங்காயம் உரித்துக்கொண்டே இவர்கள் விளையாடுவதைப் பார்ப்பா, ஒருநாள், "ஊத்தச் சப்பாத்தோட ஊட்டுக்குள்ள போறான் பாரு, தாய் தகப்பன் பழக்கல்லையா இவன?" என்று கேட்டா, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஆனால் அடுத்த வாசலில் நஸீர் நின்றான், கழற்றினான், வைத்தான், அன்றிலிருந்து ஒரு வாசலும் தவறவில்லை. ஏன்டா எப்போதும் இடப்பக்கம் என்று வெய்ன் கேட்டதற்கு, "வலப்பக்கம் ஒனக்கு. நீ வந்தா எங்க வைப்பாய்?" என்றான். ஒருவர் மட்டும் விளையாடுகிற விளையாட்டில் இவன் எப்படி வருவது, மடையன்.

வெளியே படபடவென்று வெடித்தது, வெய்ன் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டான், பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு எழும்பினான், சீன வெடி, நேற்றிலிருந்து விட்டு விட்டு வெடிக்கிறார்கள், சண்டை முடிந்துவிட்டதாம், லொறியில் கொடியைக் கட்டிக்கொண்டு யாரோ போனார்கள், முன் கடைக்காரர் பாதிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே ரேடியோவைக் குறைத்து வைத்துக் கேட்கிறார், றோட்டில் நடக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்கிறார்கள், வடக்கே அந்த மணலில் எத்தனை பேர் கிடக்கிறார்களோ, அதில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேரோ, யாரிடம் கேட்பது… அப்போதுதான் அந்த நினைப்பு வந்து நெஞ்சில் உதைத்தது, நஸீரின் மையித்து கிடைக்கவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அப்படியானால் இருக்கிறானா, எங்கேயாவது, யாருக்கும் சொல்லாமல், இத்தனை நாள் வீட்டு மேல்மாடியில் ஒளிந்து… போடா பைத்தியம், என்று தன்னையே திட்டிக்கொண்டே போல்டரைத் திறந்து திகதிகளை வரிசைப்படுத்தினான்.

2004 டிசம்பர் இருபத்தைந்து, நத்தாரன்று இரவு, நஸீரின் கடைசிச் சேவ். பிறகு ஏழு மாதம் வெறுமை. பிறகு 2005 ஓகஸ்டில் ஒன்று, இரண்டு நாளில் இன்னொன்று, பிறகு நாள் தவறாமல், ஆயிரத்துக்கு மேல். நடுவிலிருந்து ஒன்றைத் திறந்தான், வீடு, கட்டில், வெறுங்கால். இன்னொன்று, வீடு, கட்டில், வெறுங்கால். இருபது திறந்தான். வீரனின் பலம் அதே ஏழாம் படியில் நிற்கிறது, நத்தாரன்று நஸீர் விட்ட அதே ஏழாம் படி, ஆயிரத்து நாநூறு மணித்தியாலம் விளையாடி ஒரு பேயைக்கூட வெட்டவில்லை, உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஆண்டவரே, ஆயிரத்து நாநூறு மணித்தியாலம் ஒரு கீறல் இல்லாமல்! வெய்ன் இந்த விளையாட்டில் பத்து நிமிடம் அப்படி இருந்ததில்லை. மேசையில் பாண் இருந்தது, ஒவ்வொரு சேவிலும் ஒரு பாண், பக்கத்தில் ஒரு கோப்பைப் பால், இந்த விளையாட்டில் வீரனுக்குப் பசி என்பதே கிடையாது, சாப்பிடாவிட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது, அப்படியிருந்தும் யாரோ நாள்தோறும் அவனைச் சந்தைக்கு நடத்திப்போய்ப் பாண் வாங்கி, வீட்டுக்குக் கூட்டிவந்து, மேசையில் வைத்து… யார்? நேரங்களைப் பார்த்தான். மேயில் ஆறு பத்து, பெப்ரவரியிலும் ஏறக்குறைய அப்படித்தான், டிசம்பரில் ஐந்து நாற்பத்தைந்து, நவம்பரில் அதற்கும் கொஞ்சம் முன்னே, வருடம் முழுக்க அந்த நேரம் மெல்ல மெல்ல முன்னும் பின்னும் நகர்கிறது, சூரியனைப் பார்த்து விளையாட்டை நிறுத்துகிறவர் யார், பொழுது படுமுன் பிள்ளை வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று… மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன், தொழுகைக்கு எழும்புமுன்… சுளகும் வெங்காயமும் நினைவுக்கு வந்தன, வெய்ன் கதிரையில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"மகன்." வாசலில் கறுப்பு அபாயா, கையில் ஒரு பை. நினைத்த மாத்திரத்தில் ஆள் வந்து நிற்பது விளையாட்டில்தான் நடக்கும், ஆயிஷா உம்மா, வெடிக்கும் கொடிக்கும் நடுவே காத்தான்குடியிலிருந்து தனியாக. வெய்ன் எழும்பினான், கதிரை விழுந்தது. "இஞ்ச என்ன உம்மா, இண்டைக்குப் பாத்து… றோட்டெல்லாம் வெடி கொளுத்துறாங்க." "கொளுத்தட்டும் மகன், ஆர்ர புள்ள மௌத்தானதுக்கு ஆர் வெடி கொளுத்துறயோ, அல்லாஹ்தான் பாக்கணும்." உள்ளே வந்து இருக்காமலே நின்றா, பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினா, ஏதோ களவு செய்து பிடிபட்ட பிள்ளையைப்போல. "நான் வந்தது நுஸ்ராவுக்குத் தெரியா, சொல்லிராதீங்க. அந்த வெளையாட்டு… அது அழிஞ்சிட்டா?" இவன் வாய் திறக்குமுன், "ஞாயித்துக்கிழம பின்னேரம் கரண்ட் போன நேரம் அவன் சந்தயில நிண்டான் மகன். ஊட்ட கூட்டி வரல்ல. மூணு நாளா வெளியயே நிக்கிறான், எனக்கு உறக்கமில்ல," என்றா.

வெய்ன் சனிக்கிழமைச் சேவை மறுபடி ஏற்றி, வாசற்கதவையும் திறந்து, திரையை அவ பக்கம் திருப்பினான். வீடு, கட்டில், பாண், வெறுங்கால். "உள்ளுக்குத்தான் நிக்கிறார் உம்மா. சனிக்கிழம நீங்க படுக்க வச்சதுதான் இதுக்குப் பதிஞ்சிருக்கு, ஞாயித்துக்கிழம வெளிய போனதே இதுக்குத் தெரியாது." ஆயிஷா உம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தா, நெடுநேரம் பார்த்தா. "வெளிய போகவே இல்லையா?" "போகவே இல்ல." "அல்ஹம்துலில்லாஹ்," என்றா, அபாயாக் கைநுனியால் முகத்தை ஒற்றினா, பிறகு சிரித்தா, ஒரு மனுசிக்கு இவ்வளவு போதுமா, ஒரு நாளை இயந்திரம் மறந்துபோனது போதுமா, அவனுக்கும் ஒரு நாள் இருக்கிறதே, 2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, அதையும் இப்படி ஒரு இயந்திரம் மறக்காதா, முதல் நாள் நத்தாருக்கு மம்மியோடு டவுனில் ஹோரேஸ் அங்கிள் வீட்டுக்குப் போய், ஆடி, குடித்து, அங்கேயே விழுந்து படுத்துவிட்டானே, ஒன்பது மணிக்கு முந்தி கடலோரம் டச்பாரில் இருந்த தங்கள் வீட்டுக்குச் சீடியைக் கொண்டுவா என்று நஸீரிடம் சொன்னதை மறந்து, நஸீரின் சைக்கிள் தங்கள் கேற்றில் சாய்ந்திருந்ததாகப் பக்கத்து வீட்டார் பிறகு சொன்னார்கள், இதை அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை, நஸீர் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனான் என்றுதான் ஊர் பேசிக்கொள்கிறது, பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

"ஒண்டு கேக்கணும்," என்றா ஆயிஷா உம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "துறையில ஒரு தோணிக்காரன் நிப்பான், கிட்டப் போனா என்னமோ எழுத்து வருது. நுஸ்ராக்கிட்ட ஒரு துண்டுல எழுதிக் காட்டிக் கேட்டன், ரெண்டாவது சீடியப் போடட்டாம் எண்டா." இரண்டாவது சீடி, வீரன் தோணியேறிக் கடல் தாண்டிப் போகிற மிச்சக் கதை உள்ள சீடி, இரண்டு பேரும் காசு சேர்த்து வாங்கிய ஒரே ஒரு சீடி. "அது… அது இப்ப…" "தெரியும் மகன். ஒங்களுக்குத்தானே கொண்டு வந்தான். சேட்டுப் பையில போட்டுக்கிட்டு, வெய்ன் இன்னும் எழும்பியிரிக்கமாட்டான் உம்மா, நான்தான் போய் எழுப்பணும் எண்டு சிரிச்சிக்கிட்டுப் போனான்." சாதாரணமாகச் சொன்னா, அரிசி என்ன விலை என்று சொல்வதுபோல. "நான் வீட்ட இருக்கல்ல உம்மா. வரச் சொல்லிப்போட்டு நான் இருக்கல்ல." நாலரை வருடமாகத் தொண்டையில் கிடந்தது அவ்வளவுதான், சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூடப் பிடிக்கவில்லை. "இருந்திருந்தா ஒங்கட மம்மியும் என்னப் போலதான்," என்றா ஆயிஷா உம்மா. "அந்தச் சீடி கெடச்சாலும் எனக்கு வேணா. தோணிக்காரன் கேட்டுக்கிட்டே நிக்கட்டும். குடுத்தா இவன் கடலுக்குப் போயிருவான்."

அப்படியானால் ஒவ்வொரு பெருநாளைக்கும் நுஸ்ராவிடம் கொடுத்தனுப்பிய வட்டிலாப்பம், நோன்பு மாதத்தில் வாளியில் வந்த கஞ்சி, எல்லாம் தெரிந்துகொண்டே அனுப்பியவையா, தெரியாது என்று எண்ணி எண்ணியல்லவா இவன் ஒவ்வொரு கரண்டியையும் விழுங்கினான், எவ்வளவு பெரிய மனுசி, அந்த நெஞ்சுக்குள் இன்னும் என்னென்ன இருக்குமோ… "கொம்பியூட்டரச் சரியாக்கினா நீங்களே கொண்டாங்க மகன், வேற ஆரிட்டயும் குடுத்து அனுப்பாதீங்க," என்றா, பிறகு நேரத்தைப் பார்த்து, "பாங்கு சொல்லப்போகுது, நான் ஊட்ட போகணும். இவனப் படுக்க வைங்க." வெய்ன் விசைப்பலகையில் கை வைத்தான். "கதவு," என்றா ஆயிஷா உம்மா. சற்றுமுன் இவன் திறந்த கதவு திறந்தபடியே கிடந்தது. வாசலுக்கு நடத்திப் போனான், இடப்பக்கம் நஸீரின் சப்பாத்து, வலப்பக்கம் வெறுமை, ஆயிரம் சேவிலும் வலப்பக்கத்தில் ஒரு சாமான்கூட வைக்கப்பட்டிருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது, நஸீர் அதை இவனுக்கு ஒதுக்கியது அவவுக்கும் தெரிந்துதானா, இல்லை தற்செயலா… கதவைப் பூட்டினான். கேட்க வேண்டும் என்று திரும்பியபோது ஆயிஷா உம்மா கடைப் படியில் நின்று, வெடித்தாள் குப்பைக்கு நடுவே கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டிருந்தா, ஆட்கள் சேற்றுக் காலோடு ஏறி வருகிற ரிப்பேர்க் கடை இது, ஒருவரும் இங்கே செருப்பைக் கழற்றியதில்லை, அந்தச் செருப்பும் இடப்பக்கத்தில்தான் கிடந்தது. வெய்ன் குனிந்து தன் கால்களில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.